மூடாத அண்டா

ஆவாரங்குளத்தில் நல்லதோ கெட்டதோ, யாகூப் லெப்பை இல்லாமல் எதுவும் நடக்காது. பிள்ளை பிறந்தால் காதில் பாங்கு சொல்ல அவர் வேண்டும், கல்யாணத்துக்கு நிக்காஹ் ஓத அவர் வேண்டும், மய்யித்து விழுந்தால் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றவும் அவர்தான் வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்த மூன்று வேலையும் மாறி மாறித்தான் வந்துகொண்டிருந்தன. உலகச் சண்டைக் காலத்து அந்த மாசியில், ரபியுல் அவ்வல் பிறை கண்ட மூன்றாம் நாளிலிருந்து, மூன்றாவது வேலை மட்டுமே வந்தது.

விராலிமலை ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே தள்ளி இருந்தது ஊர். எண்பது ராவுத்தர் வீடு, எல்லாருக்கும் வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. கொடிக்காலில் கூலி வேலை பார்க்கிற குடும்பங்கள் கிழக்குத் தெருவில் இருந்தன. அவர்கள் கும்பிடுவது காளியாத்தாளை. ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிவாசல் படியில் வந்து நின்று லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிப் போவார்கள்.

நாயகம் பிறந்த மாசம் வந்தால் ஊருக்கே ஒரு களை வந்துவிடும். முதல் பிறையிலிருந்து பன்னிரண்டாம் பிறை வரை, அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்கூடத்தில் நாயகத்தின் புகழ்ப்பாட்டான மௌலூது ஓதுவார்கள். லெப்பை முன்குரல் எடுக்க, ஊர் சேர்ந்து பின்னால் பாடும். நடுவில் ஊதுபத்திப் புகைக்குள் ஒரு பித்தளை அண்டா இருக்கும், நாலு ஆள் சேர்ந்தால்தான் தூக்கலாம். பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீரை அதில் தளதளவென்று நிரப்பியிருப்பார்கள். ஓதி முடித்து லெப்பை குனிந்து அதில் ஊதுவார். ஸலவாத்துச் சத்தம் அடங்குவதற்குள் செம்பும் லோட்டாவுமாகக் கூட்டம் அண்டாவை மொய்த்துவிடும். அவரவர் பாத்திரத்தை அவரவரே முக்கி எடுத்தால்தான் பரக்கத்து, அருள் சேரும் என்று ஒரு நினைப்பு. முழங்கை வரை நனைத்துக்கொண்டு எடுப்பார்கள்.

அண்டாவுக்கு மூடி இல்லாமல் இல்லை. லெப்பை தங்கும் அறையில் சுவரோரம் சாத்திக் கிடந்தது, சிலந்தி கூடு கட்டியிருந்தது. வாய் திறந்திருந்தால்தான் பரக்கத்து இறங்கும் என்று எந்தக் காலத்திலோ எவரோ சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரும் அதைப் பிடித்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், நாயகம் சொன்னது இதற்கு நேர்மாறு. பாத்திரத்தை மூடி வையுங்கள், தோல்பையின் வாயைக் கட்டி வையுங்கள், வருஷத்தில் ஒரு ராத்திரி கொள்ளை நோய் இறங்கும், திறந்து கிடக்கிற பாத்திரத்தைக் கண்டால் அதில் விழாமல் போகாது என்று சொல்லியிருக்கிறார்கள். இதே லெப்பை இதே பள்ளிவாசலில் வருஷம் தவறாமல் அதை எடுத்துச் சொல்வார். பெண்கள் கேட்டுக்கொண்டு மோர்ச் சட்டி வரை மூடினார்கள். பள்ளிவாசல் அண்டா மட்டும் திறந்தே கிடந்தது. நாயகத்தைப் புகழ்வதில் இருந்த வேகத்தில், அந்த நாயகம் சொன்னது காதில் ஏறவில்லை. வழக்கம் என்று வந்துவிட்டால் நமக்குக் கண்ணும் அவிந்துவிடும், காதும் அடைத்துவிடும்.

இரண்டாம் பிறையன்று மணப்பாறைச் சந்தையிலிருந்து வண்டி ஓட்டி வந்த ஒருவர் வாந்தியும் பேதியுமாக வந்து இறங்கினார். அவர் வேட்டியையும் போர்வையையும் அவர் பெண்டாட்டி பள்ளிவாசல் கிணற்றடிக் கல்லில் போட்டு அலசினாள். கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. அலசிய தண்ணீர் அந்த வழியாக உள்ளே வழிந்தது. லெப்பை பார்த்தார். "பாத்து அலசும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொழுகைக்கு நேரமாகிறதென்று போய்விட்டார். மறுநாள் அந்த வண்டிக்காரரைக் குளிப்பாட்டியதும் அவர்தான்.

ஐந்தாம் பிறை வெள்ளிக்கிழமை. அதற்குள் மூன்று மய்யித்து. ராவுத்தர்மார் பாதிப் பேர் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றி வைத்துவிட்டே ஜும்மாவுக்கு வந்திருந்தார்கள். லெப்பை மிம்பர் மேடையில் கைவைத்து நின்று சொன்னார்.

"ஒரு ஊர்ல கொள்ளை நோய்னு கேட்டா அங்கிட்டுப் போகாதீங்க. நீங்க இருக்குற ஊர்ல வந்துட்டா அங்கேருந்து தப்பிச்சு ஓடாதீங்க. இது எம்பேச்சு இல்ல, ரசூலுல்லா சொன்னது. நம்ம நோயை இன்னொரு ஊரு புள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?"

தொழுகை முடிந்து போய் வண்டிகளை அவிழ்த்துவிட்டார்கள். கொடிக்கால் பணக்காரரும் பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லியுமான சிக்கந்தர் ராவுத்தர் முதல் ஆளாக மூட்டையை இறக்கினார். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை. அதைச் சொன்ன வாய்க்கும் அன்றைக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது. லெப்பைக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாளே அவர் வீட்டுக்குச் சோதனை வந்தது. மகள் மைமூன் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டு மாசம். திருமயத்திலிருந்து மருமகன் வில்வண்டி அனுப்பியிருந்தான். வண்டி ஊர் எல்லைப் புளியமரத்தடியில் நின்றது. மனைவி ஆசியத்தம்மாள் லெப்பையின் முன்னால் வந்து கையேந்தாத குறையாக நின்றாள்.

"ஏங்க, ஊருக்குச் சொன்னது சொன்னதுதான். இவ ஒருத்தி போனா யாருக்குங்க தெரியப் போகுது? ரெண்டு உசிருங்க."

"ஊருக்கு ஒரு ஞாயம், எம்மகளுக்கு ஒரு ஞாயமா? நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட மிம்பர்ல ஏறுவேன்?"

மைமூன்தான் அதை முடித்து வைத்தாள். "நாயகம் சொன்னதுன்னா நான் இருக்கேம்மா. அத்தா தப்பாச் சொல்ல மாட்டாங்க." வண்டி வெறுமையாகத் திரும்பியது. அத்தா தப்பாகச் சொல்ல மாட்டார் என்ற அந்த வார்த்தையை நினைத்து நினைத்து லெப்பை அன்று முழுக்க நிமிர்ந்து நடந்தார்.

அதற்குப் பிறகு நாளுக்கு ஒன்று, சில நாளைக்கு இரண்டு. நோய் ஏற ஏற, மௌலூதுக்குக் கூட்டமும் ஏறியது. பயந்த ஜனம் வேறெங்கே போகும்? முன்பு செம்பு கொண்டுவந்தவர்கள் குடம் கொண்டுவந்தார்கள். நோயாளிக்குக் குடிக்கக் கொடுத்தார்கள், நோய் இல்லாதவர்கள் வராதிருக்கக் குடித்தார்கள். கிழக்குத் தெருவிலிருந்து கண்ணாத்தாள் தினமும் வந்தாள். சிக்கந்தர் ராவுத்தர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவள். செவந்தி என்று நாலு வயசில் ஒரே பெண் குழந்தை, பிறந்ததிலிருந்தே பூஞ்சை உடம்பு. படியில் நிற்கிறவர்களுக்கு மட்டும் லெப்பையே மொண்டு ஊற்றுவார். கண்ணாத்தாள் இரண்டு கையாலும் செம்பை ஏந்தி வாங்கிக்கொண்டு, "ஒங்க புண்ணியத்துல எம்புள்ள நல்லாருக்கு லெப்பையய்யா" என்பாள்.

புதன்கிழமை மௌலூது முடிந்து, எட்டாவதோ ஒன்பதாவதோ மய்யித்தை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து வரும்போதுதான் லெப்பைக்கு அது உறைத்தது. மையவாடியை ஒட்டி மீரான் ராவுத்தர் வீடு. சிக்கந்தர் ராவுத்தர் பேச்சை மீறிப் பெண் கட்டிக் கொடுத்தார் என்று இரண்டு வருஷமாக ஊர்விலக்கு வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்கு மௌலூதும் கிடையாது, நேர்ச்சைச் சோறும் கிடையாது, பள்ளிவாசல் தண்ணீரும் கிடையாது. அவர்கள் கொல்லையிலேயே ஒரு கேணி வெட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நிலா வெளிச்சத்தில் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தன. வீட்டில் பதினோரு பேர். ஒருத்தருக்கு ஒரு தலைவலிகூட இல்லை.

லெப்பை நின்ற இடத்திலேயே நின்றார். இடிந்த கைப்பிடிச் சுவர் ஞாபகம் வந்தது. அலசிய போர்வை ஞாபகம் வந்தது. முழங்கை முழங்கையாக அண்டாவில் இறங்கிய கைகள் வந்தன, அந்தக் கைகளில் எத்தனையை அவர் பிறகு குளிப்பாட்டினார் என்பதும் வந்தது. ஊர் யாரை ஒதுக்கி வைத்ததோ அவர்கள் உயிரோடிருந்தார்கள். ஊர் யாருக்கு அள்ளி அள்ளிக் கொடுத்ததோ அவர்களைத்தான் இவர் மண்ணில் வைத்துக்கொண்டிருந்தார். ஓதியதில் குற்றமில்லை, ஓதிய தண்ணீரில்தான் குற்றம். தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகு தெரியாதது மாதிரி இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் மறுநாளே கற்றுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை சமஸ்தானத்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு தகர டப்பா, அதில் கிணற்றில் போடுகிற சிவப்பு மருந்து. நல்ல மனுஷர், செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் நின்றார். சிக்கந்தர் ராவுத்தர் தூணில் சாய்ந்தபடி கையை நீட்டி மறித்தார்.

"பன்னெண்டாம் பிறை முடியட்டும் சார். நாளைக்கு ஒரு நாள்தான். மௌலூது நடக்குற கேணியில மருந்து போட்டா ஜனம் மனசு ஒடிஞ்சு போயிரும்."

ஆத்மநாதன் லெப்பையைப் பார்த்தார். "லெப்பை சாயபு, நீங்க வீடு வீடாப் போறவரு. நீங்க சொல்லுங்க. எல்லா வீட்டுலயும் பொதுவாக் குடிக்கிற தண்ணி ஏதாச்சும் இருக்கா?"

கேள்வி சரியாக வந்து விழுந்தது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். சிக்கந்தர் ராவுத்தர் லெப்பையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கவங்க வீட்டுக் கேணிதான் சார்" என்றார் லெப்பை.

ஆத்மநாதன் நோட்டில் எழுதிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் குளத்தூர் போய்ச் சேர வேண்டும், சனிக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லி டப்பாவை முத்தவல்லி பொறுப்பில் விட்டுப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னார்? அவரைக் கேட்டால் நாயகத்தின் பேருக்காக என்பார். நபி பேரில் ஓதின தண்ணீர் கொன்றது என்று நாலு பேர் சொல்லிவிட்டால் அந்தப் பேர் என்னாகும் என்று பயந்தாராம். நாயகத்தின் பேரைக் காப்பாற்ற ஆவாரங்குளத்து லெப்பையின் பொய் வேண்டுமா? மக்கத்தில் நாயகத்தைக் கொல்ல வாளோடு நின்றவர்கள்கூட அவர்களை நம்பிக்கைக்குரியவர் என்றே அழைத்தார்கள். லெப்பை பயந்தது தன் பேருக்கு. குனிந்து ஊதியது தன் வாய் அல்லவா?

ஓதும் பிள்ளைகளுக்கு அவர் நடத்துகிற முதல் பாடமே இதுதான். ரசூல்மாருக்கு, அதாவது இறைத்தூதர்களுக்கு இருந்தே தீர வேண்டிய குணம் நாலு: உண்மை, அமானிதம் என்ற நாணயம், வந்த செய்தியை மக்களிடம் எத்தி வைப்பது, அறிவு. ரசூல்மாருக்கு ஆகவே ஆகாத குணங்களில் ஒன்று மறைப்பது. மைமூன் ஆறு வயசில் இதை ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். அன்று பகல் முழுக்க அந்தச் சின்னக் குரல் அவர் காதுக்குள் ஒப்பித்துக்கொண்டே இருந்தது. நாளைக்கு ஜும்மாவில் சொல்லிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டார். ஒரு நாள்தானே!

அந்த ஒரு நாளிலும் ஒரு மஃரிப் உண்டு. அண்டாவை நிரப்பினார்கள். லெப்பை போய் மூடியை எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்து மூடினார். "என்ன லெப்பை, புதுப் பழக்கம்?" என்று சிக்கந்தர் ராவுத்தரே அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். லெப்பை உட்கார்ந்து ஓதினார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உருக்கத்தில் என்று நினைத்துக்கொண்டு சிலர் அழுதார்கள். பிறகு குனிந்து ஊதினார். சிக்கந்தர் ராவுத்தரின் மகன் இஸ்மாயில், இருபது வயசு, கட்டுமஸ்தான ஆள், முதலில் கையை விட்டு ஒரு லோட்டா மொண்டு அங்கேயே குடித்தான். படியில் நின்ற கண்ணாத்தாளின் செம்பு நிறைய லெப்பை தன் கையாலேயே ஊற்றினார். கொஞ்சம் அவள் கால்மேல் சிந்தியது.

எல்லாரும் போன பின் தன் வீட்டுச் செம்பை எடுத்தார். அண்டாவில் அடித்தண்ணீர் கிடந்தது. செம்பை அப்படியே வெறுமையாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். "கூட்டம் ஜாஸ்தி. தண்ணி தீந்துபோச்சு" என்றார் ஆசியத்தம்மாளிடம். சாப்பிடாமல் ராத்திரி இஷாத் தொழுகைக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் சிக்கந்தர் ராவுத்தர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. இஸ்மாயில். நடுச்சாமத்தில் ஆரம்பித்து, பாங்கு சொல்வதற்குள் முடிந்துவிட்டது. லெப்பை குளிப்பாட்டும்போது அந்த வலது கையைத் தூக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. லோட்டா மொண்ட கை. மூன்று தடவை ஊற்ற வேண்டும், அவர் எத்தனை தடவை ஊற்றினார் என்று அவருக்கே நினைவில்லை.

அன்று ஜும்மாவில் அவர் பீடிகை எதுவும் போடவில்லை.

"நம்ம ஊரைக் கொல்றது பள்ளிவாசல் கேணித் தண்ணி. நோய்க்காரரு துணியை அலசுன தண்ணி அதுல எறங்கியிருக்கு. அதைத்தான் அண்டாவுல ஊத்தித் திறந்துபோட்டு, எல்லாரும் கையை விட்டு மொண்டு குடிச்சோம். பாத்திரத்தை மூடுங்கன்னு நாயகம் நமக்கு ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. நாம அவங்களைப் பாடுனோம், அவங்க பேச்சைக் கேக்கல. வீட்டுல இருக்குற தண்ணியை எல்லாம் கொட்டுங்க. காய்ச்சாம ஒரு சொட்டுக் குடிக்காதீங்க."

இறங்கி வந்து, கடைசி நாள் மௌலூதுக்காக நிரப்பி வைத்திருந்த அண்டாவைப் பிடித்துச் சாய்த்தார். ஒரு ஆளால் சாய்க்க முடியாத அண்டா அன்றைக்குச் சாய்ந்தது. தண்ணீர் முன்கூடம் முழுக்கப் பரவி, உட்கார்ந்திருந்தவர்களின் வேட்டிகளை நனைத்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

முதல் வரிசையிலிருந்து சிக்கந்தர் ராவுத்தர் மெதுவாகக் கேட்டார். "எம்மவன் நேத்து மஃரிபுக்குப் பொறகுதான் குடிச்சான். ஒங்களுக்கு இது எப்பத் தெரியும் லெப்பை?"

நேற்றைக்கு முந்தின நாள் என்று சொல்ல வேண்டும். நாக்கு அதைச் சொல்லத்தான் எழுந்தது.

"இன்னைக்குக் காலையில" என்றார்.

சிக்கந்தர் ராவுத்தர் தலையசைத்துவிட்டு, மருந்து டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மூடியைத் திறக்கத் தெரியாமல் கல்லில் வைத்துத் தட்டினார். லெப்பை வீட்டை நோக்கி நடந்தார். பாதி உண்மையைச் சொன்னதற்கே நெஞ்சு பாதி லேசாகியிருந்தது. நேற்று நம் வீட்டுக்கு அந்தத் தண்ணீர் வரவில்லை, அல்லா காப்பாற்றினான் என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. அதை விரட்டப் பார்த்தார், போகவில்லை.

ஆசியத்தம்மாள் கொல்லையில் குடங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. மைமூன் உள்ளே சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. பக்கத்து மாடத்தில் ஒரு பித்தளைச் செம்பு. அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் ஒரு சிறு கல். அந்த வாரம் முழுக்க அந்த ஊரில் அவர் பார்த்த தண்ணீர்ப் பாத்திரங்களில் அவ்வளவு ஒழுங்காக மூடியிருந்தது அது ஒன்றுதான்.

"இது யாரு வீட்டுச் செம்பு?"

"கண்ணாத்தா அக்கா செம்பு அத்தா. நேத்து நீங்க வெறுஞ்செம்போட வர்றதைப் பாத்திருக்கு. ஊருக்கெல்லாம் ஊத்திட்டு அய்யா வீட்டுக்கு இல்லாமப் போச்சேன்னு, வாங்கிட்டுப் போனதுல பாதியை எனக்குன்னு கொண்டாந்து கொடுத்துச்சு. நீங்க அப்ப இஷாவுக்குப் போயிருந்தீங்க."

"குடிச்சியாம்மா?"

"அப்பவே ஒரு மடக்குக் குடிச்சேன். காலையில கொஞ்சம். பாக்கியை மூடி வச்சுருக்கேன்."

லெப்பை அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அதுலதாம்மா நோய் இருக்கு."

"அம்மா சொன்னாங்க. ஒங்களுக்கு இன்னைக்குக் காலையிலதான தெரிஞ்சுச்சாம். நீங்க என்ன அத்தா பண்ணுவீங்க?"

ஊரே நம்பிய பொய். மகளும் நம்பிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினால் போதும், சாகும் வரை அவள் அத்தாவைப் பற்றித் தப்பாக நினைக்க மாட்டாள். அது எத்தனை நாளோ. லெப்பையால் ஆட்ட முடியவில்லை.

"இல்லம்மா. புதன்கெழமையே தெரியும்."

மைமூன் அவரையே பார்த்தாள். கோபம் வரவில்லை. ஆறு வயசில் பாடம் மறந்துபோனால் யோசிப்பாளே, அப்படி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"அப்ப நேத்துத் தண்ணி தீந்துபோகல."

"தீந்துபோகலம்மா."

"எனக்கு மட்டும் வேணாம்னு வெறுஞ்செம்போட வந்துட்டு, கண்ணாத்தா அக்காவுக்கு ஒங்க கையாலயே ஊத்திக் கொடுத்தீங்களா அத்தா?"

அதற்குள் வாசல் பக்கம் காலடிச் சத்தம், மூச்சிரைக்க ஓடி வருகிற சத்தம்.

"லெப்பையய்யா... வீட்டுல இருக்கீகளா? செவந்தி காலையிலேருந்து வாந்தி எடுக்குதுய்யா, கண்ணு செருகுது. செம்பு கொண்டாந்திருக்கேன். சித்த ஓதி ஊதிக் கொடுங்கய்யா."

மைமூன் வயிற்றை இறுகப் பிடித்தபடி, சுவரைப் பற்றி மெல்ல எழுந்தாள். "நான் போய்ச் சொல்றேன் அத்தா" என்றாள். இரண்டு எட்டு வைத்தவள் குமட்டலோடு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.